கோழிக்காலுக்கு ஒரு ஸ்டார்

செப். 20, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளுன்னு. ரெண்டு ஈடு துணி காயப்போட்டாச்சு. புரட்டாசி முதல் சனி.

வாங்க வேண்டியது: துளசி, வெற்றிலை, நல்லெண்ணெய், பாத்ரூம் பல்பு. பல்பு மறந்துபோச்சு.

இந்த ஊருக்கு வந்து பத்து மாசம். வெளியே ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்ல. ஆபீஸுக்கு டப்பா, வீட்டுக்கு வந்தா ரசம், வெளியே போனா டீயோட சரி. இன்னைக்கு இவர் ஒரே பிடிவாதம். பிரிக்பீல்ட்ஸ்ல குடியிருந்துக்கிட்டு வாழை இலையில சாப்பிடாதவ மலேசியாவிலேயே நீ ஒருத்திதான்னு. பின் தெருவுல சுத்த சைவம்னு போர்டு போட்ட கடை. வாசல் வரைக்கும் கூட்டம். கூட்டம் இருந்தா நம்பலாம்னு போனோம்.

சோறு, சாம்பார், பூசணிக் கூட்டு, பாகற்காய் வறுவல். குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு ஆள் பெரிய தட்டோட வந்து இலைக்கு ரெண்டா எதையோ வெச்சுட்டுப் போனான். சிவப்பா, மசாலா பூசி, கால் வடிவத்துல. இவர் என்ன ஏதுன்னு கேக்கல. ரெண்டையும் தின்னு முடிச்சிட்டு, "நல்லாருக்கே, இது என்ன?"ன்னார். நான் ஒரு கடி கடிச்சேன். நார் நாரா பிரிஞ்சு வந்தது. நடுவுல எலும்பு.

அவ்வளவுதான். உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எங்க வீட்டுல முட்டை போட்ட கேக் வாசப்படி தாண்டாது. நாற்பத்து மூணு வருஷத்துல இது வரைக்கும் தாண்டினதில்ல. அப்படியே எழுந்துட்டேன். எழுந்திருக்கிற அவசரத்துலயும் போன்ல ஒரு படம் எடுத்தேன், அந்த புத்தி மட்டும் இருந்தது. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. பேசினா கத்திடுவேன்னு பயம். காசைக் கல்லாவுல வெச்சுட்டு வெளியே வந்தாச்சு.

இவர் வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை குளிச்சார். நெத்தி நிறைய விபூதி. "நல்லாருக்கே"ன்னு சொன்னதை நான் இந்த ஜென்மத்துல யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்.

மத்தியானம் உக்காந்து எழுதினேன். என் வேலையே அதுதானே. சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிச்சு, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, ஆதாரம் என்னன்னு எழுதறது. கடையோட ஆன்லைன் பக்கத்துல அதே மாதிரி எழுதிப் போட்டேன், தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு:

"ஒரு ஸ்டார். போர்டில் சுத்த சைவம். புரட்டாசி சனிக்கிழமை இலையில் கோழிக்கால், எலும்போடு. படம் கீழே. யாரும் ஏமாற வேண்டாம்."

போட்ட பிறகு மனசு லேசாச்சு. நாலு மணிக்கு மழை. ரெண்டு ஈடு துணியும் நனைஞ்சுது.


செப். 21, ஞாயிறு

மேகமூட்டம். இட்லி மாவு பொங்கி வழிஞ்சு ஃப்ரிட்ஜ் பூரா அசிங்கம்.

நான் எழுதினதை ஊரே படிக்குது. யாரோ படம் பிடிச்சு வாட்சப்ல சுத்த விட்டிருக்காங்க. ஆபீஸ்ல சுகந்தி அனுப்பினா, "அக்கா, இது நீங்களா?"ன்னு. பெருமையா இருந்தது, பொய் சொல்வானேன். ஊர்ல இருக்கும்போது எத்தனை ஹோட்டலைத் திட்டி எழுதியிருக்கேன். நனைஞ்ச வடை, ஊசிப்போன சட்னி, ஈ மொய்ச்ச அல்வா. ஒரு நாய் திரும்பிப் பார்த்ததில்ல.

லிஃப்ட்ல ரெண்டு பொம்பளைங்க:

"அந்தக் கடையா? அலாமாக், போன வாரம் கூட நாலு பொட்டலம் தப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டாந்தேன்."

"இனிமே வீட்டு வெங்காயச் சாம்பாரே போதும் லா."

எழுதினது நான்தான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதுக்குள்ள மாடி வந்துட்டுது.

பக்கத்து வீட்டு ரீட்டா அக்கா ஈப்போவுல மகள் வீட்டுக்குப் போயிருக்காங்க, வெள்ளிதான் வருவாங்க. அவங்க இருந்திருந்தா இதை உக்காந்து பேசி ஒரு சாயங்காலத்தை ஓட்டியிருக்கலாம்.


செப். 23, செவ்வாய்

மழை இல்ல. புழுக்கம்.

என் வேலை பாஸ், அதாவது விசா, நவம்பரோட முடியுது. எச்.ஆர். புவான் அஸ்லினா (இங்க மேடத்துக்கு புவான்) கேட்ட பேப்பர்: பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும், சம்பளச் சீட்டு மூணு மாசம், நீல நிறப் பின்னணியில போட்டோ. என் பாஸ் இருந்தாதான் இவருக்கு பாஸ். அது இல்லேன்னா ரெண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனா அதுல பிரச்சனை வர என்ன இருக்கு, வேலை நல்லாத்தான் போகுது. இவருக்கும் ஆன்லைன்ல கணக்கு டியூஷன் ஏழு பிள்ளைங்க சேர்ந்திருக்கு. பால்கனியில வெண்டைக்காய்ச் செடி பூ விட்டிருக்கு. ஊர்ல இல்லாத நிம்மதி எனக்கு இங்க இருக்கு, இதை எங்க அம்மாகிட்ட சொல்ல முடியாது.

என் பதிவுக்கு அடியில கடைக்காரங்க பதில் போட்டிருக்காங்க. "மேடம், தயவுசெய்து ஒரு தடவை போன் பண்ணுங்க, விளக்கம் சொல்றோம்."

விளக்கமாம். எலும்புக்கு என்ன விளக்கம்? பண்ணல.


செப். 25, வியாழன்

பல்லு வலி, இடது பக்கம். அதை விடப் பெரிசு ஒண்ணு வந்ததுல பல்லு வலி மறந்தே போச்சு.

பதினொரு மணிக்கு புவான் அஸ்லினா கூப்பிட்டு ஒரு கவரைக் குடுத்தாங்க. வக்கீல் கடிதம். என் பேருக்கு, ஆபீஸ் விலாசத்துக்கு. எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் பார்த்தா என் கணக்குல இருக்கிற போட்டோவுல கழுத்துல கம்பெனி அட்டை பளிச்சுன்னு தொங்குது. என்னைக் கண்டுபிடிக்க ஒரு வக்கீல் தேவையே இல்ல.

ஏழு நாளுக்குள்ள பதிவை எடுக்கணும், அதே இடத்துல மன்னிப்பு போடணும், நஷ்ட ஈடு தரணும், இல்லேன்னா வழக்கு. போலீஸ்ல புகார் குடுக்கவும் உரிமை உண்டுன்னு கடைசி வரி.

புவான் அஸ்லினா கோவப்படல. அதுதான் பயமா இருந்தது. முதலாளிக்கு வம்பு பிடிக்காதுன்னு சொன்னாங்க. இது முடிஞ்சதுன்னு ஒரு பேப்பர் கொண்டு வந்தா பாஸ் மனுவை அனுப்பறேன், அது வரைக்கும் மேசையிலதான் இருக்கும்னு சொன்னாங்க.

மத்தியானம் டப்பாவைத் திறக்கவே இல்ல. இவர்கிட்ட சாயங்காலம் காட்டினேன். கடிதத்தை ரெண்டு தடவை படிச்சிட்டு, "நம்ம ஊர்னு நெனச்சிட்டியா?"ன்னார். நான் கடிதத்தை வாங்கிக் கவர்ல திருப்பி வெச்சேன்.


செப். 26, வெள்ளி

தூறல். கிராம்பு எண்ணெய் வெச்சதுல பல்லு தேவலை.

ரீட்டா அக்கா வந்தாச்சு. வக்கீல் ஆபீஸ்ல இருபது வருஷமா கிளார்க். இந்த மாதிரி கடிதம் ஆயிரம் டைப் பண்ணியிருப்பாங்க. ஈப்போ பிஸ்கட் டப்பாவோட வந்தவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்து விடாம படிச்சாங்க. "நல்லாத்தான் டைப் பண்ணியிருக்காங்க"ன்னு முதல்ல அதுக்கு ஒரு பாராட்டு.

அப்புறம் சொன்னாங்க: "உண்மைன்னா பயப்பட வேணாம் லா. ருசி இல்ல, வாயில வைக்க முடியலன்னு நீ நூறு தடவை எழுது, அது உன் நாக்கு, உன் அபிப்பிராயம். கோழி போட்டாங்கன்னு எழுதினா அது நடந்த விஷயம். நடந்துச்சுன்னு நீதான் கோர்ட்டுல காட்டணும். படம் இருக்கா?"

இருக்குன்னு பெருமையா நீட்டினேன். போனை வாங்கிப் பெரிசு பண்ணிப் பார்த்தாங்க. முகம் ஒரு மாதிரி ஆச்சு.

"மீனா, நீ கோழி சாப்பிட்டிருக்கியா?"

சேச்சேன்னேன்.

"உன் வீட்டுக்காரரு?"

அவரும் இல்ல.

"அப்புறம் இது கோழின்னு உங்க ரெண்டு பேர்ல யாரு சொன்னா?"

நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ரீட்டா அக்கா சிரிக்க ஆரம்பிச்சு, கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சு, மறுபடியும் சிரிச்சாங்க. அது சோயாவும் கோதுமையும் சேர்த்துப் பிசைஞ்சு செய்யறதாம். சைவக் கோழி, சைவ மட்டன், சைவ மீன்னு இங்க எல்லாத்துலயும் உண்டாம். நடுவுல இருந்த எலும்பு கரும்புக் குச்சியாம். பிடிச்சுச் சாப்பிட வாகா இருக்கணும்னு சொருகறது. சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும்னாங்க. புரட்டாசியில கறியை விட முடியாதவங்க வரிசையில நின்னு வாங்கறது இதைத்தானாம்.

படத்தை நான் மறுபடியும் பார்த்தேன். எலும்பு இல்ல. நுனியில நார் பிரிஞ்சிருக்கு, கரும்புதான். ஆறு நாளா இந்தப் படத்தை ஐம்பது தடவை பார்த்திருக்கேன். அதுல நான் பார்த்ததெல்லாம் எலும்புதான்.

ரீட்டா அக்கா சிரிக்கச் சிரிக்க எனக்கு வெக்கத்துல காது சூடாச்சு. பதினேழு வருஷமா சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கிறேன். ஒரு தடவைக்கு மூணு தடவை செஞ்சு பார்க்காம ஒரு வரி எழுத மாட்டேன். இதுக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டு "இது என்னப்பா?"ன்னு கேக்கல.


செப். 27, சனி

ரெண்டாவது சனி. வெயில்.

ரீட்டா அக்கா அவங்க வக்கீல்கிட்ட போன்ல கேட்டுச் சொன்னது:

1. பதிவை எடு. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு படம் பிடிச்சு வெச்சுக்கோ.
2. கடைப் பக்கம் போகாதே.
3. எழுத்துலயோ வாயாலயோ மன்னிப்பு கேக்காதே. தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும், நஷ்ட ஈடு ஏறும்.
4. வாட்சப்ல யாருக்கும் பதில் சொல்லாதே.
5. டைரி எழுதற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்து. (இது ரீட்டா அக்கா தானா சேர்த்தது.)

ஒண்ணு முடிஞ்சுது. எடுத்துட்டேன். அழிச்சிட்டா போயிடும்னு நெனச்சேன். பத்து நிமிஷத்துல சுகந்தி அனுப்பறா, அவ மாமியாருக்கு யாரோ அனுப்பினதாம். அதே படம், என் பேர் மேல ஒரு சிவப்பு வட்டம் வேற.

பல்பு வாங்கப் போற சாக்குல பின் தெரு வழியா போனேன். எதிர்ப்பக்க நடைபாதையிலதான், அதனால ரெண்டாம் நம்பரை மீறல. மத்தியானம் ஒரு மணி, புரட்டாசி சனி, கடையில மூணு மேசையிலதான் ஆள். வேலைக்காரங்க ரெண்டு பேர் சுவரோரமா நின்னு போன் பார்த்துக்கிட்டிருந்தாங்க. போன வாரம் இதே நேரம் உக்காரவே இருபது நிமிஷம் நின்னோம்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன், நேர்ல போய்ப் பேசப் போறேன்னு. இவர் வேண்டாம்னார். எடுத்தாச்சு, விடு, தானா அடங்கிடும், நாம இங்க விருந்தாளிங்க, பாஸ் வாங்கற வழியைப் பாருன்னார். அவர் சொல்றது நியாயம்தான். எனக்கு சோறு இறங்கல.


செப். 29, திங்கள்

நல்ல மழை, மூணு மணி வரைக்கும். அரை நாள் லீவு.

போனேன்.

கல்லாவுல ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். அவங்கதான் முதலாளி, பேர் தேவி. என்னைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு, போட்டோதான் ஊர் பூரா சுத்துதே. "வாங்க மேடம்"னாங்க. அந்த மேடத்துல இருந்த குளிர் வெளியே மழையில இல்ல.

சொல்ல நெனச்சதையெல்லாம் மறந்துட்டேன். தப்பு என்னோடது, எனக்குத் தெரியல, நான் கோழியே பார்த்ததில்லன்னு உளறினேன். அவங்க உள்ளே போய் ஃப்ரீசர்ல இருந்து ஒரு பொட்டலம் எடுத்துட்டு வந்து மேசையில வெச்சாங்க. பின்னாடி எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னாங்க. சத்தமா. படிச்சேன். சோயா, கோதுமை, எண்ணெய், உப்பு, கரும்புக் குச்சி. ஸ்கூல்ல எழுந்து நின்னு வாசிச்ச மாதிரி இருந்தது.

"மேடம், நான் இங்கதான் உக்காந்திருந்தேன்"னாங்க. "உங்க மேசை அது. நாலடி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பொட்டலத்தை அவங்க பக்கம் தள்ளி வெச்சேன்.

அப்புறம்தான் தெரிஞ்சது. கடை காத்தாடறது அவங்களுக்கு ரெண்டாம் பட்சம். கிள்ளான்ல ஒரு கோயில், புரட்டாசி கடைசிச் சனி அன்னதானம். எட்டு வருஷமா இவங்க சமையல்தான். என் பதிவு சுத்தினதும் கோயில் கமிட்டி நிறுத்தி வெச்சிருக்கு. புதன்கிழமை கூடி முடிவு பண்ணுவாங்களாம். அங்க போயிடுச்சுன்னா எல்லாக் கோயிலும் போயிடும்னாங்க. அழல. இலைக்கட்டை எண்ணிக்கிட்டே சொன்னாங்க, எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடியும் முதல்ல இருந்து எண்ணினாங்க.

வக்கீல் அவங்க அக்கா மகளாம். கடிதம் எழுதினது அவ. "எனக்கு உங்க காசு வேணாம்"னாங்க தேவி அக்கா. "புதன்கிழமை என் காடியில வாங்க. கமிட்டியில ஏழு பேர், அவங்க முன்னாடி உங்க வாயால சொல்லுங்க."

வரேன்னு சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல.


செப். 30, செவ்வாய்

யோசிச்சதெல்லாம் இன்னைக்குத்தான்.

ரீட்டா அக்கா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் ரெண்டையும் மீறிட்டேன், இப்போ கமிட்டி முன்னாடி ஏழு பேர் சாட்சியா ஒத்துக்கப் போறேன். "அந்த அம்மா நல்லவங்களா இருக்கலாம். அவங்க அக்கா மகளும் நல்லவளான்னு உனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கே அந்த ஏழு பேரையும் கோர்ட்டுக்குக் கூப்பிட்டா?" ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் டைப் பண்ணிக் குடுத்தாங்க. நான் உண்மையைச் சொல்லணும், அவங்க வழக்கை விடணும், ரெண்டு பக்கமும் கையெழுத்து. முதல்ல அவங்க கையெழுத்தை வாங்கு, அப்புறம் வாயைத் திறன்னு மூணு தடவை சொன்னாங்க. எச்.ஆருக்கும் இந்தப் பேப்பர்தான் வேணும்.

இவர் ராத்திரிச் சாப்பாட்டுல ரெண்டு வார்த்தைதான் பேசினார். கடைசியில, "நானும் வரவா?"ன்னார். வேண்டாம்னேன். கேட்டதே போதும்.


அக். 1, புதன். சரஸ்வதி பூஜை

காலையில லேப்டாப்புக்கு சந்தனம் குங்குமம். கீபோர்டுல கொட்டிட்டேன்.

மூணு மணிக்கு தேவி அக்கா காடி (இங்க காருக்கு அதான் பேர்). கிள்ளான் வரைக்கும் நெரிசல். ஒப்பந்தம் என் கைப்பையில. சுபாங் தாண்டறப்போ கேக்கலாம்னு நெனச்சேன். ஷா ஆலம் தாண்டறப்போ கேக்கலாம்னு நெனச்சேன். அவங்க காடி ஓட்டிக்கிட்டே கமிட்டியில யார் யார் இருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க, குரல் நடுங்குச்சு. அந்த நேரத்துல கையெழுத்துப் போடுங்கன்னு எப்படி நீட்டறது? நீட்டல.

கோயிலுக்குப் பின்னாடி ஒரு ஹால். பிளாஸ்டிக் நாற்காலி, ஏழு பேர், நடுவுல சுண்டல் தட்டு. தலைவர் வயசானவர், காது மந்தம். செயலாளர்தான் எல்லாம் பேசினார். நான் எழுந்து நின்னு, அது கோழி இல்ல, சோயா, நான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன். முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

செயலாளர் நம்பல. என் பக்கம் நின்னு பேசறார் மனுஷன். "பயப்படாம சொல்லுங்கம்மா. வக்கீல் கடிதம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டோம். வெளியூர்க்காரங்க, பாஸ் பிரச்சனை வரும்னு மாத்திப் பேசறீங்களா? நாங்க இருக்கோம்."

தேவி அக்கா முகம் செத்துப்போச்சு. எனக்கும்தான். கடிதம் வந்ததால நான் சொல்ற நிஜமும் பொய்யாயிட்டுது. ஆமாம்னு தலையாட்டினா அந்த ஏழு பேரும் எனக்காகப் போராடுவாங்க, நான் தியாகி ஆயிடுவேன்.

"அய்யா, நான் பிறந்ததுல இருந்து கோழி தொட்டதில்ல"ன்னேன். "கோழி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. தெரியாதவ எப்படி கோழின்னு எழுதினேன்னு நீங்க கேட்டிருக்கணும். ஒருத்தரும் கேக்கல. நானும் என்னைக் கேக்கல."

அப்புறம் ஒரு அம்மா, பெண் உறுப்பினர் அவங்க ஒருத்தர்தான், தேவி அக்கா கொண்டு வந்திருந்த டப்பாவைக் காட்டி, அது என்னன்னாங்க. பொரிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. எனக்கே அப்போதான் தெரியும்.

ஒண்ணை எடுத்து எல்லார் முன்னாடியும் கடிச்சேன். சரஸ்வதி பூஜை அன்னைக்கு, கோயில் வளாகத்துல. குச்சி வரைக்கும் தின்னேன், அப்புறம் குச்சியையும் மென்னு காட்டினேன். லேசா இனிச்சுது. செயலாளர் ஒண்ணை எடுத்தார். தலைவர் ரெண்டு எடுத்தார், பேசினது எவ்வளவு காதுல விழுந்துச்சோ தெரியல, டப்பா திறந்த சத்தம் நல்லா கேட்டிருக்கு.

கோயில்ல கறி உருவத்துல ஒரு பண்டம் எதுக்குன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார். அது வேற சண்டை, வருஷா வருஷம் நடக்குமாம். கடைசியில கடைசிச் சனி சமையல் தேவி அக்காவுக்கேன்னு எழுதிட்டாங்க.

காடியில ஏறி உக்காந்ததும் ஒப்பந்தத்தை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். அவங்களும் அவங்க பையைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்தாங்க. அக்கா மகள் குடுத்தது. முதல்ல கையெழுத்து வாங்குங்க, அப்புறம் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பினாளாம். அவங்களுக்கும் நீட்ட வாய் வரல. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல காடிக் கண்ணாடி எல்லாம் ஆவி. இறங்கி, பானட் மேல வெச்சு ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டோம்.

இங்க மட்டும் எழுதி வைக்கிறேன், வேற யாருக்கும் சொல்லப் போறதில்ல: அந்தக் கோழிக்கால் எனக்குப் பிடிக்கல. சவசவன்னு. மசாலா மட்டும் அருமை. ரெண்டு ஸ்டார். கூட்டுக்கு அஞ்சு.


அக். 3, வெள்ளி

வெயில். பல்லுக்கு டாக்டர், அடைச்சாச்சு. ரெண்டு மணி நேரம் ஒண்ணும் திங்கக் கூடாதாம்.

புவான் அஸ்லினாகிட்ட பேப்பரைக் குடுத்தேன். படிச்சாங்க, மனு இன்னைக்கே போயிடுச்சு. ரெண்டு மூணு வாரம் ஆகும்னாங்க. பயம் இல்ல. அப்புறம் அவங்க கதவைச் சாத்திட்டு, அந்தக் கடை எங்கேன்னு கேட்டாங்க. அவங்க அம்மாவுக்கு சர்க்கரையாம், கறி குறைக்கச் சொல்லியிருக்காங்களாம். வழி சொன்னேன்.

பழைய பதிவு இருந்த இடத்துல புதுசா எழுதிட்டேன். என் பேர்லயே, அதே போட்டோவோட. கோழி எப்படி இருக்கும்னு தெரியாத ஒருத்தி எழுதின பொய் அது, கடையில நடந்தது ஒண்ணும் இல்ல, தப்பு என்னோடதுன்னு. ஸ்டார் எத்தனை போடறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அஞ்சு போட்டா பயந்து போட்டதுன்னுவாங்க. நாலு. உக்கார இருபது நிமிஷம் நின்ன கூட்டத்துக்கு ஒரு ஸ்டார் குறைச்சேன்னு காரணமும் எழுதினேன், அது என் அபிப்பிராயம், யாரும் கேஸ் போட முடியாது.

ரீட்டா அக்கா போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சு, ஒரு வரியை வெட்டினாங்க. எந்த வரின்னு எழுதினா அதையும் வெட்டுவாங்க.


அக். 7, செவ்வாய்

மழை. லிஃப்ட் ரிப்பேர், பதினோரு மாடி.

முதல் பதிவு ஊர் சுத்தினதுல பாதி தூரம்கூட ரெண்டாவது போகல. சுகந்தியோட மாமியாருக்கு அது வந்தே சேரலையாம். பொய்க்கு சக்கரம் இருக்கு, நிஜத்துக்கு நான்தான் நடக்கணும்போல. மார்க்கெட்ல கீரைக்கார அக்காகிட்ட சொன்னேன். மாடிப்படியில மூச்சு வாங்கிக்கிட்டே அஞ்சாவது மாடி அங்கிள்கிட்ட சொன்னேன். "ஓ, நீங்கதானா அது"ன்னு ஒரு தடவை பார்த்துட்டு, அப்புறம் சிரிச்சிட்டு, பையை ஏழாவது மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்து குடுத்தார்.

இவர் இன்னைக்கு மத்தியானம் எனக்குத் தெரியாம அந்தக் கடைக்குப் போய் சாப்பிட்டிருக்கார். சட்டையில மசாலா. கேட்டா டியூஷன் பிள்ளை ஒருத்தனுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கப் போனாராம். ஆன்லைன் டியூஷன்.


அக். 11, சனி

கடைசிச் சனி. காலை ஆறு மணிக்கே கொமுட்டர் ரயில் பிடிச்சு கிள்ளான். இவரும் வந்தார், பரிமாற ஆள் வேணும்னு தேவி அக்கா கேட்டிருந்தாங்க. ரயில்ல ஏசி குளிர்ல ரெண்டு பேருக்கும் தும்மல்.

தேவி அக்கா அஞ்சு மணியில இருந்து அடுப்புக்கிட்ட. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, அந்த வெங்காயத்தை உரி"ன்னாங்க. மேடம் எல்லாம் போயாச்சு. உரிச்சேன், கண்ணு எரிஞ்சு ஊத்துச்சு. பந்தி பத்தரைக்கு ஆரம்பம். பட்டுப்புடவை, சல்வார், ஜீன்ஸ், நெத்தியில நாமம், எல்லாரும் வரிசையில. இவர் சாம்பார் வாளி, நான் கூட்டு. தலைவர் வந்து தேவி அக்கா கையில ஒரு மாலையைக் குடுத்துட்டுப் போனார். அக்கா அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தாங்க. எனக்கு அப்போதான் நெஞ்சு நெறஞ்சுது.

பன்னெண்டு மணிக்கு நானும் இலை போட்டு உக்காந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, முன்ன பின்ன தெரியாது, பெரிய தோடு. தட்டோட ஆள் கோழிக்காலைக் கொண்டு வரவும், அந்த அம்மா இலையைக் கையால மறைச்சுக்கிட்டு என் காதுல குனிஞ்சாங்க. "வாங்காதம்மா. இந்தக் கடையிலதான் நிஜக் கோழி போட்டாங்களாம், ஒருத்தி படத்தோட எழுதியிருக்கா."

"அந்த ஒருத்தி நான்தான்க்கா"ன்னேன். "அது பொய். எனக்குக் கோழி தெரியாது, தெரியாம எழுதிட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. என் முகத்தை, என் இலையை, மறுபடியும் முகத்தை. தட்டுக்கார ஆள் நின்னுக்கிட்டே இருந்தான்.

அந்த அம்மா கையை எடுத்தாங்க. "அப்ப எனக்கு ரெண்டா வைப்பா"ன்னாங்க.